எளிதில் வீழ்ந்த எல்லைக்கோட்டை: அமராவதிக் கரையில் கரூரும் கொங்கின் கீழெல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

சங்க காலம் முதல் கி.பி. 1799 வரை கரூர் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அரசின் விளிம்பில் இருந்த ஊர். அமராவதி ஆற்றின் கரையில் அமைந்த இதன் கோட்டைக்குள் 1760, 1768, 1783, 1790 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஆங்கிலேயப் படைகள் புகுந்தன. ஆயினும் 1769, 1784, 1792 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட மூன்று உடன்படிக்கைகளும் அதனை மைசூருக்கே உரியதாக்கின. இத்துணை எளிதில் வீழ்ந்த கோட்டை ஏன் இத்துணை வேண்டப்பட்டது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அமராவதி எல்லைக்கோடாக இருந்தது என்னும் பொதுக்கருத்தையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: கரூர், அமராவதி, ஆன்பொருநை, கொங்கு, மைசூர், திண்டுக்கல், தாராபுரம், மதுக்கரை.

ஆறும் எல்லையும்

ஆற்றங்கரைக் கோட்டை என்றவுடன் அந்த ஆறே எல்லை என்று கொள்வது வழக்கம். கரூரைப் பொறுத்தவரை இது பொருந்தவில்லை. ஆனைமலை, பழனிமலைத் தொடர்களின் நீரைக் கொண்டு உடுமலைப்பேட்டை, தாராபுரம் வழியாக வடகிழக்கே வரும் அமராவதி, கரூரைக் கடந்து திருமுக்கூடலூர் அருகே காவிரியில் கலக்கிறது. சண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறு ஆகியவை பழனி, திண்டுக்கல் பகுதிகளிலிருந்து வந்து இதனுடன் சேர்கின்றன. அதாவது பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட கீரனூர்ச் சமவெளி தொடங்கிக் கரூர் வரை உள்ள நிலம் முழுதும் ஒரே வடிநிலம். கரூரில் ஆற்றின் இரு கரைகளும் ஒரே நாட்டின் பகுதிகளாகவே ஆளப்பட்டன. ஆறு ஊரைப் பிரித்ததில்லை.

எல்லை ஆற்றுக்குக் கிழக்கே இருந்தது. சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றும் கூடும் இடமாக மரபு சுட்டுவது மாயனூரை அடுத்த மதுக்கரை. அங்குள்ள செல்லாண்டியம்மன் கோயில் மூவேந்தர் எல்லைத் தெய்வமாகவே இன்றும் வழிபடப்படுகிறது. காவிரியின் வடகரையில் கரைபோட்டானாறும், தென்கரையில் மதிற்கரை என்னும் ஒரு கரையும் எல்லையாக அமைந்தன என்பது வழக்கு. 'மதிற்கரை' என்பதே 'மதுக்கரை' எனத் திரிந்தது என்பர். கார்மேகக் கவிஞரின் கொங்குமண்டல சதகம் கொங்கின் கீழெல்லையாக மதிற்கரையைக் கூறுகிறது. குளித்தலையைக் கீழெல்லையாகக் கூறும் மரபும் உண்டு. இவ்வேறுபாட்டை ஏடெழுதுவோர் பிழை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. மாயனூருக்கும் குளித்தலைக்கும் இடைப்பட்ட நிலம் காலந்தோறும் கைமாறிய நிலம் என்பதையே இரு மரபுகளும் சேர்ந்து காட்டுகின்றன எனலாம். எல்லை கோடாக அன்றி ஓர் அகன்ற பட்டையாக இருந்தது. அப்பட்டையின் மேற்கு விளிம்பில் நின்ற முதல் பேரூர் கரூர்.

அவ்விடத்தில் கோட்டை எழுந்ததற்குக் காரணம் வழிகள். சோழநாட்டிலிருந்து காவிரியின் தென்கரையைப் பற்றி மேற்கே வரும் பெருவழி, கரூரில் அமராவதியைக் கடந்து கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் செல்கிறது. சேலம், நாமக்கல் பக்கமிருந்து காவிரியைக் கடந்து திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இறங்கும் வழி அதனை இங்கே குறுக்கே வெட்டுகிறது. இன்றைய தேசிய நெடுஞ்சாலைகள் 44, 81 ஆகியவை கரூரில் சந்திப்பது இப்பழைய புவியியலின் தொடர்ச்சியே. கோடையில் நடந்து கடக்கத்தக்க அமராவதி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பெருக்கெடுக்கும். படைகளுக்கு ஆறு ஒரு பருவகாலத் தடை மட்டுமே.

கருவூரின் முற்கால எல்லைநிலை

கருவூரே சேரர் தலைநகரான வஞ்சி என்பதை ரா. இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்' என்னும் நூலில் விரிவாக நிறுவ முயன்றார். மேற்குக் கடற்கரைக் கொடுங்கல்லூரே வஞ்சி என்போரின் மறுப்பும் நெடுங்காலம் தொடர்ந்தது. அந்த விவாதத்தில் பெரிதும் பேசப்பட்டது ஊரின் பெயரே. ஊரின் இருப்பிடம் அரசியலில் என்ன செய்தது என்பது குறைவாகவே பேசப்பட்டது. புகலூர் ஆறுநாட்டார் மலையின் தமிழ்ப்பிராமிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரரைக் குறிக்கிறது. அதே மலையில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவனின் கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த உரோமானியக் காசுகளும், மாக்கோதை, கொல்லிரும்பொறை முதலிய பெயர் பொறித்த சேரர் காசுகளும், தாலமி குறிக்கும் உள்நாட்டு நகரமான கரூரா என்பதும் அரசும் வணிகமும் இங்கே ஒன்றாகக் குவிந்ததற்குச் சான்றுகள்.

எல்லைநிலையை நேரே காட்டுவன புறநானூற்றுச் செய்திகள். 13ஆம் பாட்டின் கொளு, சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையோடு வேண்மாடத்து மேலிருந்த உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி கருவூரிடஞ் செல்வதைக் கண்டு பாடியதாகக் கூறுகிறது. சோழன் ஏறிவந்த களிறு மதம்பட்டு அவனைக் கருவூர்ப் புறத்துக்குக் கொண்டுவந்தது. அவன் நோயின்றித் திரும்புக என்று புலவர் வேண்டுகிறார். மதம்பட்ட ஒரு யானை அரசனைப் பகைவனின் மாடத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துமளவுக்கு இரு ஆட்சிகளும் நெருங்கியிருந்தன என்பதே இதன் வரலாற்றுப் பயன். உறையூர்ப் புலவர் ஒருவர் சேரன் மாடத்தில் அமர்ந்து சோழனுக்காகப் பரிந்து பேசுவதும் எல்லையூரில் மட்டுமே எளிதாக நிகழக்கூடியது.

36ஆம் பாட்டு இதன் மறுபுறம். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடியது அது. ஆன்பொருநை மணலில் மகளிர் விளையாட, காவல்மரங்கள் வெட்டப்படும் ஓசை கோட்டைக்குள் அரசனின் காதில் விழுகிறது, அவனோ வெளிவரவில்லை. வெளிவராதவனோடு போரிடுவது நாணத்தக்கது என்பது புலவர் வாதம். 373ஆம் பாட்டின் கொளு சோழன் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை எறிந்ததைச் சொல்கிறது. கோட்டையைச் சூழ்ந்த படை தோப்புகளை வெட்டுவதும் உள்ளிருப்போர் காத்திருப்பதும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் மாறாத காட்சிகள்.

சோழர் காலத்தில் கருவூர் வெங்கால நாட்டில் முடிவழங்கு சோழபுரம் எனப் பெயர்பெற்றது. வீரராசேந்திரனின் நீண்ட மெய்க்கீர்த்தி கொண்ட கல்வெட்டு ஒன்று ஆனிலைக் கோயிலில் உள்ளது. பெரியபுராணம், புகழ்ச்சோழர் உறையூரிலிருந்து கருவூருக்கு வந்து தங்கியது கொங்கரும் மேற்கு மன்னரும் செலுத்தும் திறையைப் பெறுவதற்கே என்று கூறுகிறது. திறை தராத அதிகன் மீது படை சென்றது அங்கிருந்துதான். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியது முற்கால வரலாற்றுக்கு நேர்ச்சான்றாகாது. ஆனால் சோழநாட்டார் பார்வையில் கருவூர் என்பது மேற்கிலிருந்து வரும் திறையை எண்ணிப் பெறும் வாயில் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அது நற்சான்று. திசை மாறினால் அதே வாயில் சோழநாட்டுக்குள் நுழைவதற்கான வாயிலாகும். மைசூர் அதைத்தான் கண்டது.

மதுரைக்கும் மைசூருக்கும் இடையே

திருமலை நாயக்கர் (1623–1659) காலத்திலேயே மைசூரின் கந்தீரவ நரசராசர் படைகள் கணவாய்களின் வழியே கொங்கில் இறங்கின. மூக்கறுப்புப் போர் என வழங்கும் கொடுமை அப்பகையின் உச்சம். தொட்டதேவராசர் (1659–1673) காலத்தில் ஈரோடு, தாராபுரம் பகுதிகள் மைசூர் வசமாயின. சிக்கதேவராசர் (1673–1704) காலத்தில் அவ்விரிவு நிலைபெற்றது. கரூர் மைசூரின் கீழைக் காவல்நிலையாகவும் திருச்சிராப்பள்ளி மதுரை அரசின் மேலைக் காவல்நிலையாகவும் எதிரெதிர் நின்றன. இடைத்தொலைவு ஏறத்தாழ 80 கி.மீ. 1639 அளவில் யேசு சபையினர் கரூரில் ஒரு பணித்தளம் அமைத்திருந்தனர்.

1736இல் சந்தா சாகிப் கரூரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். இக்கோட்டை ஒரு முற்றுகையைத் தாங்கி நின்றதாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் குறிக்கப்படும் நிகழ்ச்சி இது ஒன்றே. பீரங்கிப் பயிற்சி பெற்ற ஐரோப்பியர் அப்போது அவர் படையில் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்த நிகழ்ச்சி எல்லைப்பட்டையின் பொருளை விளக்குகிறது. திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகம்மது அலி அளித்த வாக்கை நம்பி, மைசூர்த் தளவாய் நஞ்சராசர் கரூரில் படைதிரட்டி 1752இன் தொடக்கத்தில் கிழக்கே புறப்பட்டார். அவரைத் தடுக்கப் பிரெஞ்சுப் படை சென்று நின்ற இடம் கிருஷ்ணராயபுரம். அத்தடையை அகற்றச் சென்ற ஆங்கிலேயத் தளபதி கோப் அங்கே பட்ட காயத்தால் இறந்தார். ராபர்ட் ஓர்ம் தம் போர் வரலாற்றில் இதனை ஒரு சிறு மோதலாகவே எழுதிச் செல்கிறார். ஆனால் கிருஷ்ணராயபுரம், மதுக்கரைக்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் உள்ள ஊர். சதக ஆசிரியர்கள் கொங்கின் கீழெல்லை என்று சொன்ன அதே நிலத்தைத்தான், அந்த நூல்களை அறியாத பிரெஞ்சுத் தளபதிகளும் மைசூர்ப் படையை நிறுத்தத்தக்க இடமாகத் தேர்ந்தனர். மரபு கூறும் எல்லை வெறும் புராணக் கற்பனை அன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேடவேண்டுவதில்லை.

நான்கு நுழைவுகள்

ஐதர் அலியின் எழுச்சி இந்நிலத்தோடு பிணைந்தது. 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்ட அவர், அங்கே பிரெஞ்சுக் கைவினைஞரைக் கொண்டு படைக்கலச் சாலை அமைத்தார். 1760இல் புதுச்சேரியில் முற்றுகைக்கு அஞ்சிய லாலிக்கு உதவ மக்தூம் அலி தலைமையில் படை அனுப்பினார். ஆங்கிலேயரின் மறுமொழி புதுச்சேரியில் வரவில்லை. தளபதி ரிச்சர்ட் சுமித் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டுக் கரூரைப் பிடித்தார். அதே பருவத்தில் யூசுப்கான் வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கம் மைசூராரோடு பொருதார். தொலைவில் நடக்கும் போருக்கு எல்லைக்கோட்டை பிணைப்பொருளாகப் பிடிக்கப்படுவது இங்கே தொடங்குகிறது.

முதல் மைசூர்ப் போரில், 1768இல் கர்னல் வுட் கரூர், ஈரோடு, தாராபுரம், கோயம்புத்தூர், திண்டுக்கல் ஆகியவற்றைச் சில மாதங்களில் கைக்கொண்டார். சிறுசிறு காவற்படைகளை ஊருக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தமையால், ஆண்டு முடிவதற்குள் ஐதர் அனைத்தையும் மீட்டார். கரூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே தளபதி நிக்சனின் பிரிவு முழுதும் அழிக்கப்பட்டது. 1769 ஏப்ரலில் சென்னையில் ஏற்பட்ட உடன்படிக்கை, பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவதைப் பொதுவிதியாக்கியது. கரூர்க் கோட்டையும் அதன் நிலப்பகுதியும் ஐதருக்கு உரியவை என்பது மட்டும் தனியே பெயர்சுட்டி விலக்காக எழுதப்பட்டது. சென்னைக் கோட்டையின் வாயிலில் நின்று விதிகளை எழுதச் செய்யும் நிலையில் இருந்தவர் ஐதர். அந்நிலையில் அவர் பெயர்சொல்லிக் கேட்ட ஊர் கரூர் என்பது கருதத்தக்கது.

இரண்டாம் போரில் 1783 ஏப்ரலில் கர்னல் லாங் கரூரையும் அரவக்குறிச்சியையும், மே மாதம் திண்டுக்கல்லையும் பிடித்தார். அவரிடமிருந்து படையை ஏற்ற ஃபுல்லார்ட்டன் ஜூனில் தாராபுரத்தையும், நவம்பரில் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றினார். அவர் 1787இல் வெளியிட்ட நூல், தென்படைக்கு உணவு தரக்கூடிய நாடு இது என்னும் கணக்கு எத்துணை முதன்மையாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. கருநாடகப் பகுதி பஞ்சத்தாலும் சூறையாலும் வறண்டிருந்த காலம் அது. அமராவதி வாய்க்கால்களின் நெல்லும் கொங்கின் கால்நடையும் இல்லாமல் படை அசைய இயலாது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை இவை அனைத்தையும் திப்புவிடம் திருப்பியளித்தது.

1790இல் இது இன்னும் தெளிவாகிறது. ஏறத்தாழ 15,000 பேர் கொண்ட படையுடன் ஜெனரல் மெடோஸ் மே இறுதியில் திருச்சிராப்பள்ளியை விட்டு, ஜூன் 15இல் கரூரை அடைந்தார். 80 கி.மீ. கடக்க மூன்று வாரம். மைசூர்க் காவற்படை முன்னரே வெளியேறியிருந்தது. சுடாமலே கோட்டை கிடைத்தது. ஆயினும் மெடோஸ் ஜூலைத் தொடக்கம் வரை அங்கிருந்து நகரவில்லை. வண்டி இழுக்கவும் பொதி சுமக்கவும் மாடுகள் போதவில்லை, தானியம் சேரவில்லை, படையில் நோய் பரவியது. கோட்டையைப் பிடித்ததைவிட அதனைக் களஞ்சியமாக நிரப்புவதே பெரும்பாடாயிற்று. பின் அரவக்குறிச்சி, தாராபுரம் வழியே சென்று ஜூலை 21இல் கோயம்புத்தூரை அடைந்தார். ஆகஸ்டில் ஸ்டூவர்ட் திண்டுக்கல்லைப் பிடித்தார். செப்டம்பரில் கசல்கட்டிக் கணவாய் வழியே இறங்கிய திப்பு, இந்தக் களஞ்சியச் சங்கிலியின் கண்ணிகளையே தேடி அடித்தார். ஈரோட்டுச் சேமிப்பு அவர் கைக்குப் போயிற்று. அக்டோபரில் தாராபுரம் வீழ்ந்தது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே புலப்படுகிறது. கரூர் சமவெளிக் கோட்டை. திண்டுக்கல்லுக்கு இருந்தது போன்ற பாறை அதற்கு இல்லை. 1790இல் திண்டுக்கல்லின் மீது ஸ்டூவர்ட் நடத்திய தாக்குதல் முதலில் முறியடிக்கப்பட்டு, மறுநாளே கோட்டை பணிந்தது. கரூரிலோ தாக்குதலுக்கே தேவை எழவில்லை. பகைவரைத் தடுத்து நிறுத்துவது கரூர்க் கோட்டையின் தொழில் அன்று. ஆற்றுப்பாசன நிலத்தின் தானியத்தைத் திரட்டி வைப்பது, வழிச்சந்தியைக் கண்காணிப்பது, பகைப்படை வரும் செய்தியை மேற்கே அனுப்புவது ஆகியவையே அதன் தொழில்கள். வீழ்ச்சியைத் தோல்வியாக எண்ணும் போர்வரலாற்று நூல்களின் அளவுகோல் இதற்குப் பொருந்தாது. அதனை ஆண்டவர் அடைந்த பயன் வரியும் நெல்லும். அதனை இழந்தவர் இழந்ததும் அவையே. நான்கு முறை படை புகுந்தபோதும் அந்நெல்லை விளைவித்தவர்கள் இரு தரப்புக்கும் அளக்க நேர்ந்தது என்பதைக் கூறாமல் இவ்வரலாறு நிறைவுறாது.

1792: மூன்று புறமும் சூழப்பட்ட ஊர்

1792 ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை தமிழக வரலாற்று நூல்களில் நிலப்பட்டியலாகவே சொல்லிச் செல்லப்படுகிறது. கரூரைப் பொறுத்தவரை அது ஒரு விசித்திர நிலையை உருவாக்கியது. திண்டுக்கல்லும் விருப்பாட்சி உள்ளிட்ட பழனிப் பக்கமும் கம்பெனிக்குச் சென்றன. பாரமகாலும் சேலமும் காவிரியின் வடகரையில் நாமக்கல்லும் கம்பெனிக்கே. கிழக்கே திருச்சிராப்பள்ளி நவாபின் பெயரில் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருந்தது. கரூர், தாராபுரம், கோயம்புத்தூர், ஈரோடு ஆகியவை மட்டும் திப்புவிடம் எஞ்சின. ஏழாண்டுக் காலம் கரூர் வடக்கு, தெற்கு, கிழக்கு ஆகிய மூன்று புறமும் கம்பெனி நிலத்தால் சூழப்பட்டு நின்றது.

கார்ன்வாலிஸின் தேர்வில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அவர் கேட்டுப் பெற்றவை பாரமகாலின் கணவாய்கள், பாலக்காட்டு வாயில், திண்டுக்கல் பாறை ஆகியவை. மலையும் வாயிலும் கம்பெனிக்கு; திறந்த சமவெளி திப்புவுக்கு. பாதுகாக்க இயலாத சமவெளியை எதிரியிடம் விட்டுவைத்தால், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கருதியிருக்க வேண்டும். 1760 முதல் நடந்த போர்களில் கரூர் காட்டிய எளிமையே அக்கருத்துக்கு அடிப்படை.

இப்புதிய எல்லை முன்னிருந்த எதனையும் ஒத்ததன்று. பழைய எல்லை கொங்குக்கும் சோழநாட்டுக்கும் இடையே கிழக்கில் இருந்தது. புதிய எல்லை அமராவதி வடிநிலத்தையே நெடுக்கே வகுந்தது. பழனி கம்பெனியிடமும் தாராபுரம் திப்புவிடமும் இருந்தமையால், இடைப்பட்ட கீரனூர்ப் பக்கம் இரண்டு அரசுகளின் விளிம்பாயிற்று. சண்முகநதியின் மேல்நீர் ஓர் ஆட்சியில், கீழ்நீர் மற்றோர் ஆட்சியில். சதகம் பழனியைக் கொங்கின் தென்னெல்லையாகக் கூறுவது நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கே பழனி கொங்கின் உட்பட்ட விளிம்பு. 1792இல் அது கொங்கிலிருந்து வெட்டப்பட்ட விளிம்பு. பின்னாளில் பழனி மதுரை மாவட்டத்தோடும் தாராபுரம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடும் இருந்ததற்கு இந்த ஏழாண்டுப் பிரிவே வேர்.

கோட்டைக்குப் பின்

1799 மே 4இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி முழுதும் கம்பெனியின் நேராட்சிக்கு வந்தது. மறு ஆண்டு இவ்வழியே சென்ற பிரான்சிஸ் புக்கானன், ஆற்றங்கரை ஊரையும் கோட்டையையும் பெருங்கோயிலையும் தம் பயணக்குறிப்பில் பதிந்தார். எல்லை மறைந்தபின்னும் கோட்டையில் 1801 வரை காவற்படை இருந்தது. காரணம் தெற்கே இருந்தது எனலாம். விருப்பாட்சி கோபால நாயக்கரைத் தலைமையாகக் கொண்ட கூட்டணி, திண்டுக்கல் பக்கத்துப் பாளையங்களையும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிளர்ச்சியாளரையும் ஒன்றிணைத்து, 1800 ஜூன் 3இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கியது. கம்பெனி 1792இல் வகுந்த நிலத்தை அதன் எதிரிகள் எட்டே ஆண்டுகளில் மீண்டும் ஒன்றாக்கிக் கொண்டனர். 1801இல் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டுக் கிளர்ச்சி ஒடுங்கிய ஆண்டிலேயே கரூர் படைநிலையாக இருப்பதும் முடிவுற்றது. அதன்பின் கோட்டை கவனிப்பாரின்றிச் சிதைந்தது.

எல்லை என்னும் தன்மை ஊரை விட்டு அத்துணை எளிதில் அகலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் கரூர் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கீழைக்கோடித் தாலுகாவாக இருந்தது. 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, அதன் மேலைக்கோடித் தாலுகா ஆயிற்று. ஈராயிரம் ஆண்டு கொங்குக்கும் சோழநாட்டுக்கும் இடையே கைமாறிய ஊரை, ஓர் அரசாணை போரின்றி மறுபக்கத்துக்கு மாற்றியது. 1995இல் தனி மாவட்டமானபோது கரூரோடு குளித்தலையும் கிருஷ்ணராயபுரமும் சேர்க்கப்பட்டன. சதகம் கூறும் மதிற்கரை, இன்று மாவட்டத்தின் விளிம்பில் இல்லை. அதன் உள்ளே இருக்கிறது.